உயரமா? உறுதியா?



சென்னைக்கு முதல் தடவை போகிற யாரும் அண்ணா சாலையில் நின்று அண்ணாந்து பார்க்கிற கட்டடம் ஒன்று உண்டு. அதுதான் எல்.ஐ.சி! 177 அடி உயரம். 1959-ல் திறந்தபோது இந்தியாவிலேயே உயரமான கட்டடம் அதுதான். இன்றைக்கு அதைத் தாண்டிய அடுக்குமாடிகள் சென்னையில் எத்தனையோ வந்துவிட்டன. ஆனாலும் அதற்கு உள்ள மரியாதை குறையவில்லை. ஏன்?

அதன் கதையைப் பாருங்கள். 1953-ல் வேலையை ஆரம்பித்து வைத்த எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார் அடுத்த வருஷமே விமான விபத்தில் இறந்துபோனார். 1956-ல் ஆயுள் காப்பீடு அரசுடைமை ஆகி, கட்டடம் எல்.ஐ.சி. கைக்கு வந்தது. பிளான் போட்ட லண்டன் ஆர்க்கிடெக்டுகள் பாதியில் விலகினார்கள். நம்ம ஊர் எல்.எம். சித்தாலே ஏற்று முடித்துக் கொடுத்தார். 1975-ல் பெரிய தீ விபத்து. அதையும் தாங்கி இன்றும் நிற்கிறது! கை மாறினாலும் வேலை கெட்டுப்போகவில்லை. என்னைக் கேட்டால் அதன் பெருமை உயரத்தில் இல்லை, இதில்தான் இருக்கிறது.

அதே சென்னையை ஒட்டி மவுலிவாக்கம். 2014 ஜூன் 28. கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் அப்படியே சரிந்தது. 61 உயிர்கள்! பெரும்பாலும் அங்கே வேலை பார்த்த கூலித் தொழிலாளிகள். பிழைக்க வந்த இடத்திலேயே புதைந்துபோனார்கள்.

நாம் வாழ்வது கம்பி உருளுகிற ஊர். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இருந்து லாரி லாரியாகக் கம்பி போகிறது. கம்பி நல்லா இருந்தால் போதுமா? கான்கிரீட்?

ஒரு உண்மையைச் சொல்கிறேன். போன வருஷம் ட்ரெயினிங் போன இடத்தில் ஸ்லாப் போட்டார்கள். கலவை கெட்டியாக இருக்குன்னு மேஸ்திரி இன்னும் ரெண்டு பக்கெட் தண்ணி ஊத்தச் சொன்னார். "அண்ணே, தண்ணி அதிகமானா ஸ்ட்ரெங்த் போயிடுமே"ன்னு மெதுவாச் சொன்னேன். "தம்பி, புஸ்தகம் வேற, சைட் வேற"ன்னு சிரித்தார். பக்கத்தில் நின்ற சூப்பர்வைசரும் சிரித்தார். நான் வாயை மூடிக்கொண்டேன். சர்டிபிகேட்டில் கையெழுத்துப் போடப்போவது அவர்தானே! எங்கள் வீட்டில் முதலில் காலேஜ் படியேறியவன் நான். அந்தக் கையெழுத்தை விட எனக்குத் தைரியம் வரவில்லை.

சிமெண்ட் இறுகுவதற்குத் தேவைப்படும் தண்ணீர் கொஞ்சம்தான். மிச்சம் ஆவியாகப் போகும். போன இடத்தில் நுண்ணிய ஓட்டைகள் நிற்கும். வெளியே பூசிவிட்டால் யார் கண்ணுக்கும் தெரியாது. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. எங்கம்மா சித்தாள் வேலை பார்த்தவங்க. அந்த ஸ்லாப்புக்குக் கீழே நாளைக்கு நின்று வேலை செய்யப்போவதும் எங்கம்மா மாதிரி ஒருத்திதானே?

"டிப்ளமா படிச்சவன் பேச்சு எடுபடுமா?" என்று கேட்பீர்கள். எஞ்சினியர் வந்து பார்த்துவிட்டுப் போவார். கலவை விழுகிற நேரத்தில் பக்கத்தில் நிற்கப்போவது நாம்தான். நாம் வாய் திறக்காவிட்டால் வேறு யார் திறப்பது?

ஆனால் தனி ஆளாக நின்றால் பயம் வரத்தான் செய்யும். அதனால் நம் சங்கத்திடம் ஒன்று கேட்கிறேன். ட்ரெயினிங்கில் தப்பைச் சுட்டிக்காட்டியதற்காக ஒரு மாணவனின் சர்டிபிகேட்டை நிறுத்தினால், சங்கம் அவன் பக்கம் நிற்க வேண்டும். ட்ரெயினிங் முடித்து வருகிறவர்கள் பார்த்ததை வகுப்பில் பேச ஒரு நாள் ஒதுக்க வேண்டும். பஸ் கட்டணத்துக்குப் போராடுகிற நாம் இதற்கும் குரல் கொடுக்க வேண்டாமா?

அடுத்த தடவை எல்.ஐ.சி. பக்கம் போனால் உச்சியை மட்டும் பார்க்காதீர்கள். அடியில் இருக்கிற தூணையும் ஒரு நிமிஷம் பாருங்கள். அந்தத் தூணுக்குக் கலவை போட்ட நாளில், "போதும், இனி தண்ணி ஊத்தாதே" என்று சொன்ன ஒருவன் நிச்சயம் அங்கே நின்றிருப்பான். அவன் பேர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. ஆனால் கட்டடம் நிற்கிறது!

அந்த ஒருவனாக நாம் இருப்போம்!