இங்கேயா, பார்சலா?

டெக்சாஸின் மேற்குக் கோடியில் எல் பாசோ. எதிர்க்கரையில் மெக்சிகோவின் சியூடாட் ஹுவாரெஸ். நடுவே ரியோ கிராண்டே. ஆறு என்று பெயர்தான், வருடத்தில் பாதிக்கு மேல் நம் வைகை மாதிரி மணல். எல் பாசோவின் பல்கலைக்கழக வளாகம் இருக்கும் மேட்டில் நின்றால் அடுத்த நாட்டு வீடுகளின் கொடித்துணி வரை தெரிகிறது.

வளாகக் கட்டடங்களோ பூட்டான் பாணி. 1914இல் ‘நேஷனல் ஜியாகிரபிக்’ இதழில் வந்த பூட்டான் படங்களைப் பார்த்துவிட்டு, அப்போது சுரங்கக் கல்லூரியாக இருந்த இதன் முதல்வரின் மனைவி கேத்லீன் வொரல் சொன்ன யோசனையாம். ஆக, மெக்சிகோ எல்லையில் இமயமலைக் கூரை. அப்படியொரு வளாகத்தின் மாணவர் உணவுக்கூடத்தில், அமெரிக்கத் தொடர் உணவகம் ஒன்றின் கவுன்ட்டரில், மெக்சிகோ சாப்பாடு.

அந்த வரிசையில்தான் நானும் நின்றேன். எனக்குப் பின்னால் நின்றவர்களில் பாதிப்பேராவது ஸ்பானிஷில் பேசிக்கொண்டிருந்தார்கள். தட்டு நிரப்பிக் கொடுத்த அம்மாள், வரும் பையன்களையெல்லாம் “மிஹோ” என்றார். “ராசா” என்று நம் ஊர் மெஸ் ஆத்தா கூப்பிடுகிற அதே இழுப்பு. என்னைப் பார்த்ததும் ஆங்கிலத்துக்கு மாறி, “இங்கேயா, பார்சலா?” என்று கேட்டார். சற்று ஏமாற்றம்தான்.

புரிட்டோ பரவாயில்லை ரகம். ஹுவாரெஸ் பக்கத்துப் புரிட்டோ ஒல்லியானது. கோதுமை ரொட்டிக்குள் ஒரே ஒரு குழம்புக்கறி, சுருட்டி முடித்தால் தீர்ந்தது. இங்கே கொடுத்தது சோறு, பீன்ஸ், சீஸ், கீரை எல்லாம் திணித்த தலையணை. ஒரு விஷயத்தில் மட்டும் சைவர்களுக்கு இது தேவலை. அந்தப் பக்கம் மசித்த பீன்ஸைப் பன்றிக் கொழுப்பில் வதக்குவது பழைய வழக்கம். “பீன்ஸ்தானே” என்று நம்பிச் சாப்பிட்ட சைவப் பிள்ளைகள் பலர். இந்தக் கவுன்ட்டரில் தாவர எண்ணெய் என்று எழுதி ஒட்டியிருந்தார்கள்.

கூப்பிடு தூரத்தில் அசல் இருக்க, இதையா தின்கிறார்கள் என்று இகழ்வது எளிது. மெக்சிகோக்காரர்களே அப்படித்தான் தீர்ப்புச் சொன்னார்கள்: 1962இல் கலிபோர்னியாவில் தொடங்கிய, இதே ரகத் தொடர் உணவகமான டாக்கோ பெல், 1992இலும் 2007இலும் மெக்சிகோவில் கடை விரித்து, இரண்டு முறையும் மூட்டை கட்டியது. ஆனால் எல்லை ஊரில் எது அசல்? நாச்சோவை எடுத்துக்கொள்ளுங்கள். 1940களில், இதே ஆற்றின் தென்கரையில் கீழே இருக்கும் பியத்ராஸ் நெக்ராஸ் ஊர் உணவகத்துக்கு, அக்கரையிலிருந்து அமெரிக்கப் பெண்கள் சிலர் பசியோடு வந்தார்கள். சமையற்காரரைக் காணோம். பரிமாற நின்ற இக்னாசியோ அனாயா சோள ரொட்டியை நறுக்கிப் பொரித்து, மேலே சீஸும் ஊறவைத்த மிளகாயும் போட்டு நீட்டினார். இக்னாசியோக்களை வீட்டில் ‘நாச்சோ’ என்றுதான் கூப்பிடுவார்கள். பண்டத்துக்கும் அதுவே பெயராயிற்று. எல்லை தாண்டி வந்த வாடிக்கையாளரின் பசிக்கு, கையில் கிடைத்ததை வைத்து அவசரத்தில் செய்தது. பாட்டி காலத்துப் பக்குவம் எதுவும் இல்லை.

இந்த வளாகத்துப் பசியும் எல்லை தாண்டி வருவதுதான். ஹுவாரெஸில் குடியிருந்து, விடியுமுன் கிளம்பி, பாலத்து வரிசையில் நின்று, அதிகாரியிடம் தாளைக் காட்டிவிட்டு வகுப்புக்கு ஓடி வருகிற பிள்ளைகள் இங்கே நிறைய. வரிசை எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. அம்மா கட்டிக் கொடுக்கலாமே என்றால், பச்சைக் காய்கறி, பழம், இறைச்சி என்று சுங்கத்துக்குத் தனிக் கெடுபிடி. வகுப்புக்கும் வகுப்புக்கும் நடுவே கிடைக்கிற கொஞ்ச நேரத்தில் சூடாக ஒன்று கையில் வந்தால் போதும் என்பவனிடம் அசல், போலி என்று விசாரணை நடத்த எனக்கு மனமில்லை. ருசி பார்த்து விமர்சிக்கிற வேலை, என்னைப் போல அவகாசம் உள்ளவர்களுடையது.

இருந்தாலும் நாக்கு கேட்கவில்லை. பக்கத்து மேசைப் பையனிடம் நல்ல புரிட்டோ எங்கே கிடைக்கும் என்று கேட்டேன். பாலத்தைத் தாண்டி எந்தத் தெருவில் திரும்ப வேண்டும் என்று காகிதக் கைத்துடைப்பில் படம் போட்டே கொடுத்தான். “போவது சுலபம், சார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மட்டும் வேண்டாம், திரும்பி வர ராத்திரியாகிவிடும்” என்றான். “நீ அங்கேதானே சாப்பிடுவாய்?” என்றேன். “லீவு நாளில்” என்றவன், கவுன்ட்டரில் தன் எண்ணைக் கூப்பிட்டதும் எழுந்து ஓடினான்.