பேசாப் பொறியும் பிழை தேடலும்

கணிப்பொறி பயிலும் மாணாக்கருட் பலர், பிறர் இட்ட அடித்தளத்தின்மீது மாடி கட்டவே விழைகின்றனர். அடித்தளத்தை அகழ்ந்து பார்ப்பாரோ மிகச் சிலர். சிறியதாயினும் ஒரு கெர்னலைத் தாமே எழுதி, அஃது எழாது நின்றவிடத்துக் காரணத்தைத் தேடியறிதல் அவர்தம் கல்வியின் ஒரு கூறாதல் வேண்டும் என்பது எம் துணிபு.

கெர்னலாவது ஏனைப் புரோகிராம்களையெல்லாம் ஆளும் தலைமைப் புரோகிராம். நினைவகத்தின் ஒவ்வோரிடத்திற்கும் ஒரு மெய் விலாசம் உண்டு. புரோகிராம்களோ கற்பித விலாசங்களையே வழங்குகின்றன. இவ்விரண்டையும் இணைப்பது பக்க அட்டவணை. 1962ஆம் ஆண்டில் மான்செஸ்டரின் அட்லஸ் பொறி நினைவகத்தைப் பக்கங்களாகப் பகுத்தாண்டது. 1985இல் வெளிவந்த இன்டெல் 80386 அம்முறையைச் சிறு கணிப்பொறிகளுக்கும் கொணர்ந்தது. அதில் ஒரு பக்கம் 4096 பைட் அளவினது.

அட்டவணையை அமைக்கும் கடன் கெர்னலுடையது. அதன் மெய் விலாசத்தைச் சி.ஆர்.3 என்னும் ரிஜிஸ்டரில் இட்டு, சி.ஆர்.0இன் 31ஆம் பிட்டை ஏற்றியபின், கட்டளைகளும் அட்டவணை வழியாகவே தேடப்படும். ஓடிக்கொண்டிருக்கும் கட்டளைகளின் பக்கம் அதில் இல்லையேல் பக்கப் பிழை எழும். அதனை ஏற்கும் பகுதியும் எட்டாதாயின் இரட்டைப் பிழை. அதனையும் ஏற்பாரின்றேல் மும்மைப் பிழை. பொறி உடனே மீளத் தொடங்கும். திரையில் ஓரெழுத்தும் தோன்றாது.

இவ்வளவில் மாணாக்கர் செய்வது யாது? வரிகளை மனம்போனவாறு மாற்றுவர். எங்கோ கிடைத்ததொரு வரியைச் சேர்த்தவுடன் பொறி எழுந்துவிடின் மகிழ்ந்தமைவர். பிழை நீங்கிற்றா, மறைந்ததா என்று ஆராயார். இஃது அறிவன்று.

பொறி பேசாதாயினும் சான்று வைத்தே செல்கின்றது. பிழை விளைத்த விலாசம் சி.ஆர்.2இல் நிற்கும். பிழைக் குறியின் கடைசி பிட், பக்கம் இல்லாமையா, உரிமை மீறலா என்று காட்டும். கியூஎமு போன்ற போலிப் பொறியில், மீளத் தொடங்காதவாறு தடுத்து, இவற்றை அமைதியாகப் படிக்கலாம். மூன்று பிழைகளுள் முதலாவதே மூலம். ஏனைய அதன் விளைவு. 80386இன் 32 பிட் விலாசத்தை 10, 10, 12 எனப் பகுத்துத் தாளிற் கணக்கிட்டு, அட்டவணையோடு ஒப்பிடுவார்க்குக் குற்றம் வெளிப்படும். சி.ஆர்.3இல் மெய் விலாசத்தை இடவேண்டியவிடத்துக் கற்பித விலாசத்தை இட்டமை போன்ற எளிய தவறாகவே அது பெரும்பாலும் இருக்கும். தாம் ஐயுறாத வரியிலேயே அது மறைந்திருந்தது என்றுணர்தல் பெரும்பயன்.

லினக்ஸ் முதலியன ஆயத்தமாயிருக்க இவ்வுழைப்பு எற்றுக்கு என்பார் உளர். அந்த லினக்ஸே 1991இல் ஹெல்சிங்கி மாணாக்கரான லீனஸ் டோர்வால்ட்ஸ் தம் 80386 பொறியை அறிய முயன்றதிற் பிறந்ததன்றோ!

ஆதலின் ஆசிரியப் பெருமக்கள், பொறி எழுந்ததற்கு மட்டுமன்றி, முன்னர் ஏன் எழவில்லை என்று காரணம் எழுதிக் காட்டுவதற்கும் மதிப்பெண் வழங்குவாராக. நாளை மருத்துவமனைக்கும் புகைவண்டிக்கும் புரோகிராம் எழுதப் போகின்றவர் இம்மாணாக்கரே. காரணமறியாது எழுந்த பொறியை நம்பும் வழக்கத்தை இன்றே அவர் விட்டொழித்தல் நன்று.