பெட்டியில் உள்ள வேகம் வீட்டில் கிடைக்குமா?

எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் வாங்கக் கடைக்குச் செல்பவர்கள் முதலில் கேட்பது, "இருப்பதிலேயே வேகமானது எது?" என்பதுதான். நானும் அப்படித்தான் கேட்டேன். கடைக்காரர் எடுத்துக் கொடுத்த பெட்டியில் யு.எஸ்.பி. 3.0, விநாடிக்கு 5 கிகாபிட் என்று பெரிதாக அச்சிட்டிருந்தார்கள். மகிழ்ச்சியுடன் வாங்கி வந்தேன்.

வீட்டில் டெஸ்க்டாப் கம்ப்யூட்டரின் முன்பக்கம் உள்ள போர்ட்டில் செருகி, 100 ஜிபி அளவுள்ள குடும்பப் போட்டோக்களையும் வீடியோக்களையும் காப்பி செய்தேன். முக்கால் மணி நேரத்திற்கு மேல் ஆயிற்று. டிஸ்க்கில்தான் ஏதோ பழுது என்று எண்ணி, கடையில் திருப்பிக் கொடுக்கக் கிளம்பிவிட்டேன். எதற்கும் பார்ப்போம் என்று கேபினட்டின் பின்பக்கம் இருந்த நீல நிற போர்ட்டில் செருகினேன். அதே பைல்கள் கால் மணி நேரத்தில் காப்பியாகிவிட்டன! குறை டிஸ்க்கில் இல்லை. நான் செருகிய இடத்தில்தான் இருந்தது.

முன்பக்கம் இருந்தது பழைய யு.எஸ்.பி. 2.0 போர்ட். அதன் உச்ச வேகம் விநாடிக்கு 480 மெகாபிட். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட் என்பதால், இது 60 மெகாபைட். நடைமுறையில் கிடைப்பதோ 30 முதல் 40 மெகாபைட்தான். எனவே புதிய டிஸ்க் வாங்கும் முன், உங்கள் கம்ப்யூட்டரில் என்ன போர்ட் உள்ளது என்று பாருங்கள். யு.எஸ்.பி. 3.0 போர்ட்டின் உட்புறம் பெரும்பாலும் நீல நிறத்தில் இருக்கும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பெட்டியில் உள்ள 5 கிகாபிட் என்பது இணைப்பு தாங்கும் வேகம். டிஸ்க் தரும் வேகம் அன்று. உள்ளே தட்டு சுழலும் சாதாரண போர்ட்டபிள் டிஸ்க், விநாடிக்கு 100 முதல் 140 மெகாபைட் வரைதான் தரும். நல்ல எஸ்.எஸ்.டி. என்றால், இதே போர்ட்டில் 400 மெகாபைட்டைத் தாண்டும். ஆனால் அதே கொள்ளளவுக்கு அதன் விலை அதிகம்.

இந்தக் கூடுதல் விலையைக் கொடுக்க வேண்டுமா? டிஸ்க்கில் வைத்தபடியே வீடியோ எடிட் செய்பவர்களும், அதிலிருந்தே கேம் ஆடுபவர்களும் தாராளமாகக் கொடுக்கலாம். வாரம் ஒருமுறை பேக்கப் எடுப்பவருக்கு அது தேவையில்லை என்பதே என் கருத்து. காப்பி ஆகும் நேரத்தில் நாம் சாப்பிட்டுவிட்டு வரலாம்.

மிச்சமாகும் பணத்தை என்ன செய்வது? இன்னொரு சாதாரண டிஸ்க் வாங்குங்கள். என் நண்பர் ஒருவர் கம்ப்யூட்டரில் இடம் போதவில்லை என்று, மகளின் சிறு வயதுப் படங்கள் அனைத்தையும் எக்ஸ்டர்னல் டிஸ்க்குக்கு மாற்றிவிட்டு, கம்ப்யூட்டரில் இருந்தவற்றை அழித்துவிட்டார். ஒருநாள் கேபிளில் கால் தட்டி, மேஜையிலிருந்து டிஸ்க் கீழே விழுந்தது. அதன்பின் அது திறக்கவே இல்லை. பைல்கள் ஒரே இடத்தில் இருந்தால் அது பேக்கப் ஆகாது என்பதை அவர் அன்றுதான் உணர்ந்தார்.

வேகம் குறைந்தால் சில நிமிடங்கள்தான் வீணாகும். இரண்டாவது காப்பி இல்லாவிட்டால், போனது திரும்ப வராது. கடைக்குப் போகும்போது இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.