240 நாள் லீவும் 240 கிலோமீட்டர் கால்வாயும்

"பிரான்ஸ் வரைக்கும் போயிட்டு ஈஃபில் டவர் பாக்காம வந்த ஒரே ஆளு நீங்கதான் மாப்ள. அதுவும் லட்சக்கணக்குல காசைக் கொட்டி, அங்க போயி சைக்கிள் மிதிச்சீங்களா? தஞ்சாவூர்ல மிதிச்சது பத்தாதா?"

போன தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தபோது மச்சான் கேட்டது இது. சுற்றி இருந்த எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். பதில் அப்போது தோன்றவில்லை. நமக்கு எப்பவுமே பதில் எல்லாம் ரயில் ஏறி, நாக்பூர் வந்து சேர்ந்த பிறகுதானே தோன்றும் :-) அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு கணக்கு. நம்ம தொழில் அதுதானே. வங்கி ஆபீஸருக்கு 11 நாள் வேலைக்கு ஒரு நாள் பிரிவிலேஜ் லீவ். வருஷத்துக்கு ஏறக்குறைய 33 நாள். ராஞ்சி, இந்தூர், நாக்பூர் என்று இருபது வருஷமாக வெளியூரிலேயே ஆணி பிடுங்கும் எனக்கு அந்த 33 நாள் எங்கே போனது? குலதெய்வம், ரெண்டு கல்யாணம், ஒரு வளைகாப்பு, ஒரு காதுகுத்து, ஏதாவது ஒரு துக்கம். மீதி எல்லாம் சேமிப்பு. கடைசியில் காசாக்கலாம் அல்லவா! ரிட்டையர் ஆகும்போது காசாக்க வெகுகாலம் உச்சவரம்பு 240 நாள். எங்கள் ஆபீஸில் அந்த 240-ஐ எட்டுவதை ஒரு சாதனையாகவே பேசுவார்கள்.

என்னுடைய பழைய சீனியர் மேனேஜர் ஒருவர் அப்படி முழுசாக எட்டியவர். ராஞ்சியில் எனக்கு லோன் ஃபைல் படிக்கச் சொல்லிக் கொடுத்தவர். "ரிட்டையர் ஆனதும் வீட்டம்மாவைக் கூட்டிக்கிட்டு ஊர் ஊரா சுத்தணும் தம்பி" என்பார். 240 நாளையும் காசாக்கினார். ஏழாவது மாதம் பக்கவாதம். நான் பார்க்கப் போனபோது கட்டிலில் இருந்தபடி இடது கையால் என் கையைப் பிடித்துக்கொண்டார். பேச்சு வரவில்லை. அன்று ரயிலில் திரும்பி வரும்போதுதான் முடிவு செய்தேன். ஒரு ரெக்கரிங் டெபாசிட் போட்டேன். மூணு வருஷம்.

இதற்கு நடுவில் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். வங்கியில் முக்கியமான பொறுப்பில் இருப்பவர்களை வருஷத்தில் ஒரு முறையாவது, ஒரே தவணையாக, குறைந்தது 10 வேலை நாள் கட்டாய லீவில் அனுப்ப வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதியே வைத்திருக்கிறது. முன்கூட்டிச் சொல்லக்கூடாது, திடீரென்று அனுப்ப வேண்டும். நம் உடம்பு மேல் அக்கறையால் அல்ல. ஆள் இல்லாதபோது தில்லுமுல்லு ஏதாவது வெளியே வருகிறதா என்று பார்க்கத்தான். ஆனாலும் பாருங்கள், பத்து நாள் நாம் இல்லாவிட்டால் கிளை மூழ்கிவிடாது என்பது ரிசர்வ் வங்கிக்கே தெரிந்திருக்கிறது. நமக்குத்தான் தெரியவில்லை. திடீர் லீவில் ஷெங்கன் விசா வாங்க முடியாது என்பதால் நான் சொந்தக் கணக்கிலிருந்து லீவ் எடுத்தேன். எல்.எஃப்.சி.யும் கிடையாது. வெளிநாட்டுப் பயணத்துக்கு அந்த வரிச்சலுகை செல்லாது என்று 2022-ல் சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டது. எல்லாம் கைக்காசு.

சரி, மேட்டருக்கு வருவோம்.

போன வருஷம் மே கடைசி. நான், தங்கமணி, பதினாலு வயசுப் பொண்ணு. தெற்கு பிரான்ஸில் துலூஸ் நகரத்தில் ஆரம்பித்து, மத்தியதரைக் கடலோரம் ஸெத் என்ற துறைமுக ஊர் வரை கனால் தூ மிதி என்ற கால்வாய்க் கரையோடு சைக்கிள் பயணம். கால்வாயின் நீளம் 240 கிலோமீட்டர். (ஆமாம், அதே 240!) "ஊரு பேரே ஸெத்தா? போய்ச் சேர்றதுக்குள்ள செத்துடுவோமாங்க?" என்று தங்கமணி கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. ஏழு நாள் திட்டம். சைக்கிள் வாடகைக்கு. பெட்டிகளை ஒரு லாட்ஜிலிருந்து அடுத்த லாட்ஜுக்கு வேனில் கொண்டுபோய்ப் போட ஆள் உண்டு. நம் முதுகில் தண்ணி பாட்டிலும் புளிக்காய்ச்சலும் மட்டும்.

முதல் ஐம்பது கிலோமீட்டர் வெண்ணெய் மாதிரி தார்ப்பாதை. ரெண்டு பக்கமும் பிளேன் மரங்கள், மேலே கிளைகள் கோர்த்துக்கொண்டு கூடாரம். "இவ்வளவுதானா?" என்று அப்பாவும் பொண்ணும் பந்தயம் விட்டோம். அதற்கப்புறம் மாவட்டம் மாறியது, பாதையும் மாறியது. மண் தடம், கல், மரத்து வேர். சீட்டில் உட்கார முடியவில்லை. எதிரே தென்கிழக்கிலிருந்து காற்று வேறு. ரெண்டாம் நாள் தங்கமணி சைக்கிளைச் சாய்த்துவிட்டு, "நீங்க போங்க, நான் இங்கயே இருந்துக்கறேன்" என்று கரையில் உட்கார்ந்துவிட்டாள். என்ன செய்ய? நாங்களும் உட்கார்ந்தோம். அரை மணி நேரம் யாரும் எதுவும் பேசவில்லை. ஒரு படகு வந்தது. எங்களைக் கடந்து, வளைவில் மறைவதற்கு அதுவே பல நிமிஷம் எடுத்துக்கொண்டது. அந்தக் கால்வாயில் படகுக்கு வேக வரம்பு மணிக்கு 8 கிலோமீட்டர். நம்ம வீட்டு முன்னால் பால்காரர் சைக்கிள் கூட அதைவிட வேகமாகப் போகும்.

அன்று மதியம் ஒரு லாக் பக்கத்தில் நின்றோம். லாக் என்றால் படகை மேலே ஏற்றவும் கீழே இறக்கவும் கட்டிய தண்ணீர்த் தொட்டி. படகு உள்ளே வந்ததும் கதவைச் சாத்தி, தண்ணீரை விட்டோ வடித்தோ மட்டத்தைச் சரிசெய்து அடுத்த கதவைத் திறப்பார்கள். துலூஸிலிருந்து கடல் வரை இப்படி அறுபதுக்கும் மேல் உண்டு. மணி 12.30 ஆனது. லாக்கைப் பார்த்துக்கொள்ளும் அம்மா கதவைப் பூட்டிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். 1.30 வரை லஞ்ச். நாலு படகு காத்திருக்கிறது. ஒருத்தராவது ஹாரன் அடிக்கணுமே? "மேனேஜரைக் கூப்பிடு" என்று சொல்லணுமே? ம்ஹூம். படகில் இருந்தவர்களும் ரொட்டியை எடுத்துக்கொண்டு சாப்பிட உட்கார்ந்துவிட்டார்கள். இருபது வருஷமாக லஞ்ச் டப்பாவை ஒரு கையிலும் வவுச்சரை இன்னொரு கையிலும் பிடித்துச் சாப்பிட்டவன் நான். அந்த ஒரு மணி நேரத்தைப் பார்த்ததற்கே விசா ஃபீஸ் 90 யூரோ சரியாகப் போச்சு.

இந்தக் கால்வாயைக் கட்டியவர் கதையையும் சொல்லியாக வேண்டும். பியேர்-போல் ரிக்கே. இன்ஜினியர் இல்லை, உப்பு வரி வசூல் குத்தகைதாரர். அதாவது நம்ம ஆளு, காசுக் கணக்குப் பார்த்தவர். அட்லாண்டிக்கையும் மத்தியதரைக் கடலையும் இணைத்தால் ஸ்பெயினைச் சுற்றிப் போக வேண்டாம் என்று 14-ஆம் லூயி மன்னரிடம் 1666-ல் அனுமதி வாங்கினார். பெரிய சிக்கல் தண்ணீர். நடுவில் நோரூஸ் என்ற மேடு, கடல் மட்டத்துக்கு மேல் 189 மீட்டர். அங்கே தண்ணீர் இல்லாவிட்டால் கால்வாயே இல்லை. மலையில் ஸான் ஃபெரியோல் என்ற இடத்தில் அணை கட்டி, அங்கிருந்து வாய்க்கால் வெட்டி, இந்த மேட்டுக்குத் தண்ணீர் கொண்டுவந்தார். அங்கேயிருந்து ஒரு பக்கம் அட்லாண்டிக், மறுபக்கம் மத்தியதரை. எங்கள் பொண்ணு ரெண்டு இலையைப் போட்டு எது எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள். போனைத் தொடவே இல்லை, அதைச் சொல்லணும்.

உச்சகட்டத்தில் 12,000 பேர் வேலை செய்தார்களாம், பெண்களும் உண்டு. ஆள் கிடைக்க வேண்டுமே என்று மழை நாள், ஞாயிறு, பண்டிகை, உடம்பு சரியில்லாத நாள் எல்லாவற்றுக்கும் சம்பளம் கொடுத்தார் ரிக்கே. பதினேழாம் நூற்றாண்டில்! ஆனால் அவருக்கு? சொந்தச் சொத்தை எல்லாம் இதில் போட்டார். 1680 அக்டோபரில் கடனோடு செத்துப்போனார். கால்வாய் திறந்தது 1681 மே மாதம். ஏழு மாதம். எனக்கு ராஞ்சி சார் ஞாபகம் வந்தது. ரிக்கேயின் வாரிசுகள் கடனை அடைத்து லாபம் பார்க்கப் பல பத்தாண்டுகள் ஆயின. 1857-ல் ரயில் பாதை வந்தது, சரக்கு எல்லாம் அங்கே போக ஆரம்பித்தது. இன்றைக்கு அதில் சரக்குப் படகே கிடையாது. பேங்க் பாஷையில் சொன்னால் ஒரு காலத்து வாராக்கடன். இப்போது அந்தக் கரை ஊர்களுக்குச் சோறு போடுவது எங்களைப் போலச் சும்மா சுற்ற வந்தவர்கள்தான். 1996-ல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமும் ஆகிவிட்டது.

கார்கசோன் கோட்டை, பெசியே ஊரில் மாடிப்படி மாதிரி அடுக்கிய எட்டு லாக், மால்பா சுரங்கம் என்று பார்த்ததை எல்லாம் எழுதினால் பதிவு நீண்டுவிடும். பெசியேதான் ரிக்கே பிறந்த ஊர் என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாக் கடையும் மூடியிருக்க, முதல் நாள் வாங்கிய ரொட்டிக்குப் புளிக்காய்ச்சல் தொட்டுக்கொண்டதையும் சொல்லணும். அவ்வளவு மோசமில்லை. மூடிய கடைகளைப் பார்த்து எனக்கு எரிச்சல் வந்தது உண்மை. ஆனால் இவர்களுக்கு இந்த ஓய்வு சும்மா வரவில்லை. 1936-ல் வேலைநிறுத்தம் செய்துதான் வருஷத்துக்கு ரெண்டு வாரம் சம்பளத்தோடு லீவ் வாங்கினார்கள். அந்த வருஷமே தொழிலாளிகள் சைக்கிளில் கிளம்பிவிட்டார்கள். 1982-லிருந்து ஐந்து வாரம். போராடி வாங்கினது, அதனால் எடுக்கிறார்கள். நமக்கும் சங்கம் போராடித்தான் வாங்கிக் கொடுத்தது. நாம் காசாக்குகிறோம்.

"காசு தேவைங்க, அதான்" என்று நீங்கள் சொல்லலாம். வீட்டுக் கடன் இருப்பவருக்கு அது நியாயம். பிரான்ஸ் போங்கள் என்று நான் சொல்லவே இல்லை. சித்தப்பா வீட்டு வாய்க்கால் கரை போதும். ஆனால் அடுத்த கேள்விக்கு என்னிடம் சுலபமான பதில் இல்லை: "வருஷத்துக்கு ஒரு தடவை வர்ற புள்ள, அந்த லீவையும் தனக்கே எடுத்துக்கிட்டா பெத்தவங்க கதி?"

தஞ்சாவூரில் அம்மா தனியாக இருக்கிறாள். வயது 74. மே மாதம் வரவில்லை என்று சொன்னபோது, "சரிடா, போயிட்டு வாங்க. புள்ளைய பத்திரமா பாத்துக்க" என்று மட்டும் சொன்னாள். அப்புறம் பத்து நாள் போன் எடுத்தால் ரெண்டு வார்த்தைதான். கால்வாய்க் கரையில் மிதிக்கும்போதெல்லாம் அது உறுத்திக்கொண்டே இருந்தது. இன்னமும் அந்தச் செலவைப் பற்றில்தான் எழுதி வைத்திருக்கிறேன்.

ஆனால் ஒன்று கவனித்தேன். இத்தனை வருஷம் ஊருக்குப் போனபோது நான் அம்மாவோடு எத்தனை மணி நேரம் இருந்தேன்? ஐந்து நாளில் பதினாலு வீடு. எல்லா வீட்டிலும் ஒரு காபி, ஒரு "எப்ப வந்தீங்க, எப்ப கிளம்பறீங்க". ராத்திரி அம்மா சோறு போடும்போது கண் சொக்கும். பேக்கேஜ் டூர்க்காரன் பத்து நாளில் எட்டு நாடு காட்டுகிற மாதிரிதான் நான் சொந்த ஊரைப் பார்த்திருக்கிறேன்.

போன தீபாவளிக்கு வேறு மாதிரி செய்தேன். மச்சான் வீடு ஒன்றைத் தவிர எங்கேயும் போகவில்லை. நாலு பேர் கோபித்துக்கொண்டார்கள். திண்ணையில் உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான். மூணாம் நாள் மதியம் அம்மா கீரை ஆய்ந்துகொண்டே, "எத்தன மைல் மிதிச்சீங்க?" என்று கேட்டாள். சொன்னேன். "உங்கப்பாவும் எனக்குக் கத்துக் குடுத்தாருடா. கல்யாணம் ஆன புதுசுல, புது ஆத்தங்கரையில, ரெண்டு நாள் சாயங்காலம். அப்புறம் உங்க அப்பாயி பாத்துட்டாங்க, விட்டாச்சு" என்றாள். அப்பா அந்தக் கரையில் தினமும் கூட்டுறவு சொசைட்டிக்குச் சைக்கிளில் போவார் என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும். இது தெரியாது. நாற்பத்தேழு வருஷம் தெரியாது.

அதனால் மச்சானுக்கு என் பதில் இதுதான். மச்சான், அங்கே போய்ச் சைக்கிள் மட்டும்தான் மிதித்தோம். 12.30-க்குக் கதவைச் சாத்தினால் உட்காரலாம் என்று கற்றுக்கொண்டு வந்தேன். லீவைச் சேர்த்து வைக்காதீர்கள். அந்தக் கால்வாயின் நிழல் மரங்களே இப்போது பூஞ்சை நோயில் போய்க்கொண்டிருக்கின்றன. 2006-ல் கண்டுபிடித்தார்கள், ஆயிரக்கணக்கில் வெட்டி எரித்தாகிவிட்டது. பல இடங்களில் மொட்டை வெயிலில்தான் மிதித்தோம். வேறு வகைக் கன்றுகள் நட்டிருக்கிறார்கள். அவை வளர நாள் ஆகும்.

டிஸ்கி: போகிறவர்கள் கவனத்துக்கு - ஜெல் வைத்த சீட் கவர் கட்டாயம். ஞாயிற்றுக்கிழமைக்குச் சனிக்கிழமையே சாப்பாடு வாங்கி வையுங்கள். புளிக்காய்ச்சலைச் செக்-இன் பெட்டியில் வையுங்கள், கைப்பையில் வைத்தால் ஏர்போர்ட்டிலேயே போய்விடும்.