காலைக் கட்டும் நாய்க்குட்டி: அடித்தால் திருந்துமா?

ராயபுரத்தில் ஒரு சந்து. அதில் ஒரு சின்ன வீடு. மாலை நேரம்.

சம்பந்தி வீட்டார் வந்திருக்கிறார்கள். காபி கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்போது அந்த வீட்டு நாய்க்குட்டி துள்ளி ஓடி வருகிறது. வயது நான்கு மாதம்தான். வந்ததும் சம்பந்தி அம்மாளின் காலை முன்னங்கால்களால் கட்டிக்கொள்கிறது. இடுப்பை ஆட்டுகிறது. உதறினாலும் விடவில்லை!

பிள்ளைகள் கைகொட்டிச் சிரிக்கிறார்கள். தாயார் தலையைக் குனிந்துகொள்கிறார். தகப்பனார் துடைப்பத்தைத் தேடுகிறார். பக்கத்து வீட்டு அம்மாள் எட்டிப் பார்த்து, "இன்னாம்மா, குட்டிக்கு வெறி புடிச்சிடுச்சா?" என்று கேட்கிறார்.

மறுநாள் விடியற்காலையில் குட்டி ஒரு கோணிப்பைக்குள் போகிறது. காசிமேட்டு மீன் சந்தைப் பக்கம் இறக்கிவிடப்படுகிறது. "மீன் தலை கிடைக்கும். பிழைத்துக்கொள்ளும்" என்று சொல்லி மனத்தைத் தேற்றிக்கொள்கிறார்கள்.

திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் கூட இப்படி நடக்கக்கூடும். இது நியாயமா? நியாயம் இல்லை என்பது என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன்.

ஏன் இப்படிச் செய்கிறது?

நாய்க்குட்டிகள் பிறந்து சில வாரங்களிலேயே ஒன்றன்மேல் ஒன்று ஏறி விளையாடும். ஆண் குட்டி மட்டும் அல்ல, பெண் குட்டியும் ஏறும். அந்த வயதில் அதற்குக் காம எண்ணம் கிடையாது. கடிப்பது, துரத்துவது, உருளுவது போல இதுவும் ஒரு விளையாட்டு.

குட்டி அளவு மீறி ஏறினால் கூடப் பிறந்த குட்டி "வள்" என்று கடிக்கும். தாய் உறுமும். "இதற்கு மேல் கூடாது" என்று குட்டி கற்றுக்கொள்ளும். நாமோ கண் திறந்த சில நாட்களிலேயே குட்டியைத் தாயிடமிருந்து பிரித்துக் கொண்டுவந்துவிடுகிறோம். தாய் நடத்தும் பள்ளிக்கூடத்தில் அது படிக்கவே இல்லை. பாடம் தெரியாத பிள்ளையைப் பரீட்சையில் தோற்றதற்காக அடிப்பது சரியா? குறைந்தது எட்டு வாரமாவது தாயோடு இருக்க வேண்டும்.

வேறு காரணங்களும் உண்டு. வீட்டில் ஆள் கூடினால் குட்டிக்குக் குதூகலம் பொங்கும். பயம் வந்தாலும், களைத்துப்போனாலும் இப்படிச் செய்யும். குட்டி ஒரு நாளில் பதினெட்டு மணி நேரம் கூடத் தூங்க வேண்டிய வயது அது. கண்டெய்னர் லாரிகள் இரவு பகலாக ஓடும் சாலையோரம் அந்தத் தூக்கம் எங்கே கிடைக்கும்?

வட சென்னையில் இன்னொன்றும் உண்டு. வீட்டில் ஒருவர் இரவு ஷிப்டு முடித்துப் பகலில் தூங்குவார். சத்தம் கேட்கக் கூடாது என்று குட்டியைப் பகல் முழுவதும் கட்டிப் போடுவார்கள். மாலையில் அவிழ்த்துவிட்டால் என்ன ஆகும்? அடக்கி வைத்த துடிப்பெல்லாம் யாராவது ஒருவர் காலில் போய் முடியும்!

சிரிப்பும் கூடாது, அடியும் கூடாது

பிள்ளைகள் சிரிக்கிறார்கள். குட்டிக்கு அது பரிசு போல. "இப்படிச் செய்தால் எல்லோரும் நம்மைப் பார்க்கிறார்கள்" என்று தெரிந்துகொள்கிறது. நாளைக்கும் செய்யும்.

"அடியாத மாடு படியாது" என்பார்கள். நாய் விஷயத்தில் அது பலிக்காது. எதற்காக அடி விழுந்தது என்று குட்டிக்குப் புரியாது. கை ஓங்கினால் வலிக்கும் என்பது மட்டும் புரியும். பயந்த குட்டி, வளர்ந்த பிறகு பயத்தினாலேயே கடிக்கும். இன்று நாம் கொடுக்கும் அடி நாளைக்கு நம் வீட்டுக் குழந்தையின் கையில் கடியாக வந்து சேரலாம்.

என்ன செய்ய வேண்டும்?

குட்டி காலைக் கட்டினால் கத்தாதீர்கள். ஓடாதீர்கள். மெதுவாக விலக்கிவிட்டுத் திரும்பி நின்றுகொள்ளுங்கள். பேச வேண்டாம். முகம் பார்க்க வேண்டாம்.

நான்கு காலும் தரையில் பட்டதும் விளையாட்டுப் பொருளைக் கொடுங்கள். காசு செலவழித்து வாங்க வேண்டியதில்லை. பழைய துணியை முறுக்கி முடிச்சுப் போட்டால் போதும். அதைக் கடித்து இழுக்கட்டும்.

"உட்கார்" என்று ஒரே ஒரு சொல் கற்றுக்கொடுங்கள். உட்கார்ந்தால் ஒரு சிறு துண்டு முட்டையோ, முள் நீக்கிய மீனோ கொடுங்கள். தினம் மூன்று வேளை, ஐந்தைந்து நிமிடம். விருந்தாளி வந்ததும் "உட்கார்" என்று சொல்லுங்கள். உட்கார்ந்திருக்கும் குட்டி எப்படிக் காலைக் கட்டும்?

அப்படியும் அடங்காவிட்டால் அடுத்த அறையிலோ, ஒரு மூலையிலோ இரண்டு நிமிடம் விடுங்கள். தண்டனையாக அல்ல, துடிப்பு அடங்குவதற்காக.

காலையிலும் மாலையிலும் வெயில் தாழ்ந்த நேரத்தில் நடத்திக்கொண்டு போங்கள். தார் ரோட்டில் உங்கள் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். உங்களுக்குச் சுட்டால் குட்டிக்கும் சுடும்.

முக்கியமான ஒன்று: வீட்டில் எல்லோருக்கும் ஒரே சட்டம். தாத்தா கொஞ்ச, அப்பா அதட்ட, பிள்ளை சிரிக்க என்று இருந்தால் குட்டிக்கு ஒன்றும் புரியாது. சின்னக் குழந்தையைக் குட்டியோடு தனியே விடவும் கூடாது.

"தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்" அல்லவா? இப்போதே தொடங்குங்கள். ஆறு மாதத்துக்கு மேல் உடல் பருவம் அடையும்போது இந்தப் பழக்கம் கூடலாம். கருத்தடை செய்வது பற்றி மாட்டாஸ்பத்திரி டாக்டரிடம் கேளுங்கள். கருத்தடை பெரும்பாலும் குறைக்கும். ஆனால் ஊறிப்போன பழக்கத்தை அது மட்டுமே போக்கிவிடாது. குட்டி ஓயாமல் அந்த இடத்தை நக்கினாலோ, அடிக்கடி சிறுநீர் விட்டாலோ அது நோயாக இருக்கலாம். வேப்பேரியில் 1903-ம் ஆண்டு முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே காட்டலாம்.

வெறிநோய் வேறு

பக்கத்து வீட்டு அம்மாளின் பயத்தை நான் குறை சொல்லமாட்டேன். 2023 நவம்பரில் ராயபுரம் ஜி.ஏ. ரோட்டில் ஒரு தெருநாய் இருபதுக்கும் மேற்பட்டவர்களைக் கடித்தது. இறந்த அந்த நாயைச் சோதித்தபோது வெறிநோய் இருந்தது தெரியவந்தது. அந்தப் பேட்டை மக்கள் இதை எளிதில் மறப்பார்களா?

ஆனால் காலைக் கட்டுவது வெறிநோயின் அடையாளம் அல்ல. காரணம் இல்லாமல் கடிப்பது, எச்சில் வடிவது, விழுங்க முடியாமல் தவிப்பது, நடை தள்ளாடுவது இவைதான் அஞ்ச வேண்டியவை. மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பிறகு டாக்டர் சொல்லும் தவணையில் தொடர்ந்து போட்டு வந்தால் குட்டிக்கும் காவல், வீட்டுக்கும் காவல். எந்த நாய் கடித்தாலும், பல் பட்டுக் கீறினாலும், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். உடனே அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நமக்குப் பக்கத்திலேயே ஸ்டான்லி ஆஸ்பத்திரி இருக்கிறது. ஊசிக்குக் காசு இல்லை.

கோணிப்பை தீர்வா?

தடுப்பூசி போடாத குட்டியைச் சந்தையில் விட்டால் நடப்பது என்ன? அது லாரியில் அடிபடும். அல்லது தெருநாயாக வளரும். ஊசியும் இல்லாமல், கருத்தடையும் இல்லாமல் இன்னும் பல குட்டிகளுக்குக் காரணமாகும். எந்த நாய்க்குப் பயந்தோமோ, அந்த நாயை நாமே உண்டாக்குகிறோம்!

ஒரு காலத்தில் சென்னை மாநகராட்சி தெருநாய்களைப் பிடித்துக் கொன்றது. ஆனாலும் நாய்கள் குறையவில்லை. 1959-ல் இங்கே தொடங்கிய புளூ கிராஸ் சங்கம், கருத்தடைதான் வழி என்று பல ஆண்டுகள் வாதாடியது. 1996-ல்தான் மாநகராட்சி அந்த வழிக்கு வந்தது. இன்று கருத்தடைக்காகப் பொதுப்பணம் செலவாகிறது. நாம் இறக்கிவிடும் ஒவ்வொரு குட்டியும் அந்தச் செலவை வீணாக்குகிறது.

வளர்த்த பிராணியைக் கைவிடுவது 1960-ம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். சட்டத்தை விடுங்கள். பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பி வரும் பிள்ளை, "நம்ம குட்டி எங்கே?" என்று கேட்டால் என்ன பதில் சொல்வீர்கள்?

வைத்துக்கொள்ள முடியாத வீடுகளும் உண்டு. அவர்கள் குட்டிக்கு ஊசி போட்டு, வளர்க்க ஆசைப்படும் ஒருவர் கையில் ஒப்படைக்கட்டும். மற்றவர்கள் சில வாரம் பொறுத்துப் பார்க்கட்டும்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. எல்லோரும் வீட்டில் இருப்பீர்கள். குட்டியைக் கூப்பிடுங்கள். "உட்கார்" என்று சொல்லிக்கொடுங்கள். துடைப்பம் வாசல் பெருக்கட்டும்!