பெண் பிள்ளைக்கு ஒரு சிமெண்டுத் தளம்

சக்கரம் வைத்த பலகையில் நின்று ஓடுவதும், துள்ளுவதும், சரிவில் இறங்குவதும் ஒரு விளையாட்டா என்று கேட்பவர்கள் நம்மில் இன்னும் இருக்கிறார்கள். ஸ்கேட்போர்டு என்பது அதன் பெயர். 2021-ல் டோக்கியோவில் நடந்த ஒலிம்பிக்கில் முதன்முதலாக இதைச் சேர்த்தார்கள். பெண்கள் பிரிவு ஒன்றில் தங்கம் வாங்கிய ஜப்பானியச் சிறுமி மோமிஜி நிஷியாவுக்கு வயது 13. வெள்ளி வாங்கிய பிரேசில் சிறுமிக்கும் 13 தான். ஆகவே அந்தக் கேள்வி முடிந்துபோன கேள்வி. நாம் கேட்க வேண்டியது வேறு. அந்த வயதில் நம் வீட்டுப் பெண் பிள்ளைகள் எங்கே விளையாடுகிறார்கள்?

மாமல்லபுரத்துச் செல்வி கமலி மூர்த்தியின் கதையை இதற்காகவே சொல்ல வேண்டியிருக்கிறது. மீனவர் குடியிருப்பில் பிறந்த பெண். தாயார் கடற்கரையில் சிறு கடை நடத்திப் பிள்ளைகளை வளர்த்தவர். ஐந்து வயதில் கமலி பலகையில் ஏறினாள். காலில் செருப்பில்லை, உடம்பில் கவுன். அமெரிக்காவிலிருந்து வந்திருந்த ஜேமி தாமஸ் என்ற ஆட்டக்காரர் அவளைப் படம் பிடித்தார். இந்த ஆட்டத்தில் உலகப் புகழ் பெற்ற டோனி ஹாக் அந்தப் படத்தை வெளியிட, எங்கெங்கோ இருப்பவர்கள் மாமல்லபுரத்துச் சிறுமியைப் பார்த்தார்கள். அதன் பிறகு சாஷா ரெயின்போ என்ற பெண் இயக்குநர் 'கமலி' என்றே பெயரிட்டு ஒரு குறும்படம் எடுத்தார். 2020-ல் பிரிட்டனின் பாஃப்டா விருதுக்கு இறுதிச் சுற்று வரை போனது அந்தப் படம். விருதைத் தட்டிச் சென்றது எது தெரியுமா? ஆப்கானிஸ்தானில் சிறுமிகள் ஸ்கேட்போர்டு பழகுவதைப் பற்றிய இன்னொரு படம்!

படம் வந்தது, புகழ் வந்தது, அதோடு சரி என்று நினைத்தவர்கள் உண்டு. நானும் அப்படித்தான் நடக்கும் என்று எதிர்பார்த்தேன். பெண் வளர்ந்தால் ஆட்டம் நிற்கும். இது நம் ஊர்களில் எழுதாத சட்டம். ஆனால் 2024-ல் நம் கர்நாடகத்திலேயே, மங்களூரை அடுத்த சசிஹித்லு கடற்கரையில் நடந்த இந்திய ஓபன் அலைச்சறுக்குப் போட்டியில், மகளிர் பிரிவிலும் 16 வயதுக்கு உட்பட்ட பெண்கள் பிரிவிலும் முதலிடம் பெற்றவள் இதே கமலி. சிமெண்டுச் சரிவில் பழகிய கால் கடல் அலையிலும் தடுமாறவில்லை. என் கணக்கில் அந்தப் பழைய புகைப்படத்தைவிட இதுவே பெரிய செய்தி. ஊரார் பேச்சுக்கு அஞ்சாமல் மகளை ஆடவிட்ட தாயாருக்கு இதில் பாதிப் பங்கு உண்டு.

இனி நம் பக்கத்துக்கு வருவோம். கொள்ளேகாலத்திலிருந்து மாதேஸ்வரன் மலைக்குப் போகும் சாலையில் இருக்கிறது எங்கள் கௌதள்ளி. 1956 வரை கொள்ளேகால் தாலுகா கோயம்புத்தூர் ஜில்லாவில் இருந்ததால் இங்கே தமிழ்க் குடும்பங்களுக்குக் குறைவில்லை. பேரிங் வண்டியும் இங்கே புதிதல்ல. பட்டறையில் கழித்துப் போட்ட பழைய பேரிங் மூன்று, ஒரு பலகை, நாலு ஆணி, திருப்புவதற்கு ஒரு கயிறு; வண்டி தயார். ஆனால் அன்பர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். உட்கார்ந்து ஓட்டுகிறவன் பையன். பின்னால் நின்று தள்ளுகிறவள் அவன் தங்கை. பதின்மூன்று வயதானதும் தள்ளுவதற்குக்கூட அவள் வருவதில்லை. தண்ணீர்க் குடம் வந்துவிடுகிறது.

பெங்களூர்க்காரரான அதிதா வர்கீஸ் இதே குறையைத்தான் பட்டணத்தில் கண்டார். பள்ளிப் பருவம் தாண்டிய பிறகே பலகையில் ஏறியவர். சுற்றிப் பார்த்தால் எல்லாரும் ஆண்கள். 2015-ல் 'கேர்ள் ஸ்கேட் இந்தியா' என்ற அமைப்பைத் தொடங்கிப் பெண்களையும் சிறுமிகளையும் சேர்த்துப் பழக்கினார். அதே பெங்களூரில் ஹோலிஸ்டோக்ட் என்ற இளைஞர் குழுவினர் கான்ட்ராக்டரை எதிர்பார்க்காமல் தாங்களே சிமெண்டு குழைத்துத் தளம் கட்டியிருக்கிறார்கள். மத்தியப் பிரதேசத்தில் ஜன்வார் என்ற சிறு கிராமத்திலும் 2015-ல் ஒரு தளம் எழுந்தது. அங்கே பழகிய ஆஷா கோண்ட் என்ற பெண் 2018-ல் சீனாவில் நடந்த உலகப் போட்டிக்கே போய் வந்தாள். ஜன்வார் நம் கௌதள்ளியைவிடப் பெரிய ஊர் அல்ல.

"கை கால் முறிந்தால் யார் பொறுப்பு, கல்யாணம் ஆக வேண்டிய பெண்" என்பார்கள். முறியலாம்தான். கிணற்றடியில் வழுக்கி விழுந்து கை முறித்துக்கொண்ட பெண்களை நான் பார்த்திருக்கிறேன். யாரும் தண்ணீர் எடுப்பதை நிறுத்தச் சொல்லவில்லை. "இதனால் என்ன உத்தியோகம் கிடைக்கும்" என்பார்கள். பையன் கிரிக்கெட் மட்டையோடு வெயிலில் அலைகிறபோது இந்தக் கேள்வியை ஒருவரும் கேட்டதில்லை.

இந்த ஆட்டத்துக்குத் தேவை வழவழப்பான தரை. சக்கரம் சிறியது, ஒரு பொடிக் கல் தட்டினாலும் பலகை நின்றுவிடும், ஆள் முன்னால் போய் விழுவார். நம் ஊர்ச் சாலைகளில் பலகை ஓட்டச் சொல்வது கிணற்றில் குதிக்கச் சொல்வது போலத்தான். எனவே கிராமப் பஞ்சாயத்தார் முன்னால் ஒரு கோரிக்கை வைக்கிறேன். பள்ளிக்கூடத்தை ஒட்டிக் கொஞ்சம் இடம், நன்றாக இழைத்த சிமெண்டுத் தளம், ஒரு பக்கம் முழங்கால் உயரச் சரிவு. நாலைந்து பலகையும் தலைக்கவசமும் பஞ்சாயத்துச் செலவில். மாலை நாலு மணியிலிருந்து ஆறு மணி வரை பெண் பிள்ளைகளுக்கு மட்டும் என்று ஒரு போர்டு, கன்னடத்திலும் தமிழிலும். திறப்பு விழா, மாலை, மேடை எதுவும் வேண்டாம். அறுவடைக் காலத்தில் அதன் மேல் ராகி காயப் போடாமல் இருந்தால் போதும்.