இந்தியானாவைக் கொண்டுவந்தது அதிர்ஷ்டமல்ல

2025 என்பிஏ இறுதித் தொடருக்கு இந்தியானா பேசர்ஸ் வந்ததே அதிர்ஷ்டத்தால்தான், கோப்பைக்கு மல்லுக்கட்டும் தகுதி அந்த அணிக்கு இல்லை என்று வாதிடுகிறார்கள். அடியோடு மறுக்கிறேன்.

64 வெற்றிகளுடன் கிழக்கில் முதலிடம் பிடித்த கிளீவ்லேண்டை 4-1 என்று வீட்டுக்கு அனுப்பிய அணி இது. எதிரணியில் காயம்பட்டவர்கள் இருந்தார்கள், உண்மைதான். ஆனால் மோப்லியும் கார்லண்டும் திரும்பிவந்து ஆடிய நான்காவது ஆட்டத்தின் இடைவேளையில் ஸ்கோர் என்ன தெரியுமா? 80-39! இதற்குப் பெயர் அதிர்ஷ்டமா?

இறுதித் தொடரின் முதல் ஆட்டத்தில் 0.3 நொடி மிச்சமிருக்கும்போது இந்தியானாவின் ஹாலிபர்ட்டன் போட்ட கூடையை மட்டும் சொல்லிக் குறைகூறுகிறார்கள். கடைசிக் கால்பகுதியில் 15 புள்ளி பின்தங்கியிருந்தவர்கள் அந்த நொடிக்கு எப்படி வந்து சேர்ந்தார்கள்? பந்து யார் கையிலும் தங்காது. கூடை வாங்கிய மறுகணமே எதிர்ப்பக்கம் பாய்வார்கள். மெக்கானல் போன்ற மாற்று ஆட்டக்காரர் இறங்கினாலும் வேகம் தணியாது. எதிராளிக்கு மூச்சு வாங்கும். பயிற்சியாளர் ரிக் கார்லைல் திட்டமிட்டு வளர்த்த ஆட்டமுறை இது.

இறுதித் தொடரில் எதிர்த்து ஆடிய, 68 வெற்றி பெற்ற ஓக்லஹோமா சிட்டியை ஏழாவது ஆட்டம் வரை இழுத்தார்கள். அதன் முதல் கால்பகுதியிலேயே ஹாலிபர்ட்டனின் குதிகால் தசைநார் அறுந்தது. அப்படியும் இடைவேளையில் 48-47 என்று இந்தியானாதான் முன்னால். முடிவில் 103-91 என்று தோற்றார்கள். அதிர்ஷ்டத்தைக் கணக்குப் பார்ப்பவர்கள் அந்தக் காயத்தையும் சேர்த்துக் கணக்குப் பார்க்கட்டும்.